சந்தாதாரர் வேறு, பயனாளி வேறு

என் தம்பியை நம்பி நான் கெட்டது இது முதல் தடவை இல்லை. ஒரு கம்பெனியையும் சேர்த்து நம்பிக் கெட்டது இதுதான் முதல் தடவை. அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

நான் டெய்லர். அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பின்பக்க வீடு. முன்னறைதான் கடை. ஒரு தையல் மெஷின், வெட்டுகிற மேஜை, அயர்ன் பாக்ஸ், ஆளுயரக் கண்ணாடி, இரும்பு பீரோ, இவ்வளவும் போக மிச்சமிருக்கும் இடத்தில் வாடிக்கையாளர் ஒருவர் நிற்கலாம். இரண்டு பேர் வந்தால் ஒருவர் வாசலில் நிற்க வேண்டியதுதான். வீட்டுக்காரர் போன பிறகு இந்த மெஷின்தான் என் மகளைப் படிக்க வைத்துக் கடல் கடந்து வேலைக்கும் அனுப்பியது. அங்கே அவளுக்கு ஒருவனைப் பிடித்துப் போயிற்று. என்னைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டாளே என்று கொஞ்ச நாள் கோபமாகத்தான் இருந்தேன். பையன் நல்லவன். போனில் என்னை 'அத்தை' என்று கூப்பிடப் பழகிக்கொண்டிருந்தான். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் என்று முடிவாயிற்று. எனக்குத்தான் போக வழியில்லை. காதில் ஆபரேஷன் செய்த டாக்டர், விமானத்தில் ஏறவே கூடாது என்று அடித்துச் சொல்லிவிட்டார்.

கல்யாண உடுப்பை நான்தான் தைத்து அனுப்பினேன். அளவுகளை மகள் போனில் சொல்லச் சொல்ல, குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டேன். குப்பைத் தொட்டிக்கும் கல்யாண உடுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். எங்கள் பின்பக்க வீடுகளுக்குள் போன் எடுக்காது. கட்டடத்தில் எங்களுக்கென்று சிக்னல் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். என் தலையைக் கண்டதும் வாட்ச்மேன் தன் நாற்காலியைத் தூக்கி வந்து அங்கே போட்டுவிடுவார். தங்கமான மனுஷன். ஆனால் அங்கேயும் குரல்தான் வரும், முகம் வராது.

"அம்மா, வீட்ல ஒரு நல்ல வைஃபை மட்டும் போட்டு வச்சிரு," என்றாள் மகள். "என் பிரெண்டு போனைப் பிடிச்சிட்டு முன்னாடியே நிப்பா. தோள் சரியா உக்காந்திருக்கான்னு நீ பாத்துச் சொன்னப்புறம்தான் நான் கையெழுத்தே போடுவேன்."

இத்தனை வருஷத்தில் ஆளை நிறுத்திப் பார்க்காமல் நான் தைத்த உடுப்பு அது ஒன்றுதான். எல்லா அளவையும் போனில் சொல்லிவிடலாம், தோளை மட்டும் சொல்ல முடியாது. அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். பார்க்கப் போகிறோம் என்ற தெம்பில்தான் கத்தரிக்கோலையே எடுத்தேன்.

தம்பியிடம் சொன்னேன். அவன் அந்த வைஃபை கம்பெனியில்தான் ஏதோ அதிகாரி. என்ன அதிகாரி என்று கேட்டால் 'உறவு மேலாண்மை' என்பான். கூடப் பிறந்த உறவையே மேலாண்மை செய்யத் தெரியாதவனுக்கு எப்படி அந்த வேலை கிடைத்தது என்று நான் கேட்டதில்லை.

"அக்கா, நான் எதுக்கு இருக்கேன்? கவலையை விடு," என்றான்.

மறுநாளே ரூட்டரோடு வந்துவிட்டான். அட்டைப் பெட்டிக்குள் ஒரு வெள்ளைப் பெட்டி, இரண்டு கொம்பு. கையோடு தன் கோட்டையும் கொண்டுவந்திருந்தான். ஆபீஸ் விருது விழாவில் போட்டுக்கொள்ள வேண்டுமாம். தொப்பைக்கு மேல் பொத்தான் எட்டவில்லை, பக்கவாட்டில் பிரித்துவிட வேண்டும் என்றான். கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு, ரூட்டரின் வயரைப் பிளக்கில் செருகப் போனேன். பதறிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயய்யோ, தொடாதக்கா! இன்னும் அறிமுகம் ஆகல."

"யாருக்கு யாரை?"

"உனக்கு ரூட்டரை. முன்னப்பின்ன தெரியாதவங்க சுவிட்சைப் போடக் கூடாது. கம்பெனி ரூல்."

நான் ஏதோ விளையாடுகிறான் என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து அழைப்பிதழை எடுத்து நீட்டினான். 'ரூட்டருடன் ஓர் அறிமுகம். பெட்டியுடன் வரவும்.'

கடையைச் சாத்திவிட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கம்பெனியின் பெரிய கூடத்தில் என்னைப் போல் நிறையப் பேர் பெட்டியை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்கள். தடுப்பூசி போட வந்த கூட்டம் மாதிரி இருந்தது. சுவரில் பெரிய எழுத்தில், 'நீங்களும் எங்கள் குடும்பமே'. மேடையில் கழுத்துப்பட்டை கட்டிய அறிமுக அலுவலர்.

"பொதுமக்கள் என்ன நினைக்கிறாங்க? ரூட்டர் வாங்கினா நெட் வரும்னு நினைக்கிறாங்க," என்று ஆரம்பித்தார். சொல்லிவிட்டு அவரே கொஞ்ச நேரம் சிரித்தார். "இது ரொம்பப் பழைய சிந்தனை. ரூட்டர்ங்கிறது ஒரு உறவு. இந்த விளக்கைப் பாருங்க. பச்சையா எரிஞ்சா கம்பெனி உங்களுக்காக உழைக்குதுன்னு அர்த்தம். ஆரஞ்சா எரிஞ்சா கம்பெனி யோசிக்குதுன்னு அர்த்தம். சிவப்பா எரிஞ்சா அது உங்க தப்பு."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். பிறகு எழுந்து நின்று, பெட்டி மேல் கையை வைத்து உறுதிமொழி எடுக்கச் சொன்னார்கள். அவர் சொல்லச் சொல்ல நாங்களும் சொன்னோம். "வேகம் குறைந்தால் முதலில் என்னைச் சந்தேகிப்பேன். அடுத்து என் வீட்டுச் சுவரைச் சந்தேகிப்பேன். கம்பெனியைச் சந்தேகிக்கும் எண்ணம் வந்தால், பெட்டியை அணைத்துவிட்டு மறுபடியும் போடுவேன்."

கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார். எழுந்து கேட்டேன்.

"இணைப்பு எப்ப சார் வரும்? என் பொண்ணுக்குக் கல்யாணம்."

கூடமே திரும்பி என்னைப் பார்த்தது. அலுவலர் முகத்தில் அப்படி ஒரு வருத்தம்.

"அம்மா, இது அறிமுக வகுப்பு. இணைப்பு இந்தப் பாடத்திட்டத்துலயே இல்லை."

பக்கத்தில் இருந்த பெரியவர் என் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். அவருடைய பெட்டி துண்டில் சுற்றிப் பத்திரமாக இருந்தது. எந்த விளக்கு எப்போது எரியும், எந்தக் கொம்பை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று எனக்கு மளமளவென்று சொல்லிக்கொடுத்தார். அடேயப்பா என்று இருந்தது.

"உங்க வீட்ல நல்லா வருதாங்க?" என்றேன்.

"என்னது?"

"நெட்டு."

"அதெல்லாம் இன்னும் எடுக்கலம்மா," என்றார் அடக்கமாக. "மேல்நிலை வகுப்பு பாக்கி இருக்குல்ல."

அப்போதே பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு எழுந்து வந்திருக்க வேண்டும். தம்பி இருக்கிறான் என்ற தைரியம் என்னை உட்கார வைத்தது. தம்பி சொல்லித்தான் என்னைத் தேர்ச்சியும் ஆக்கினார்கள்.

அடுத்து வீட்டுக்கு இடத் தேர்வுக் குழு வந்தது. ஒருவர் டேப் பிடிக்க, ஒருவர் எழுத, ஒருவர் தலையாட்ட. தலைவர் யார் என்றால், என் தம்பியேதான். அன்றைக்கு என்னை அக்கா என்றுகூடக் கூப்பிடவில்லை, "மேடம்" என்றான்.

"மேடம், ரூட்டரைக் கண்ணாடி பக்கத்துல வைக்கக் கூடாது. சிக்னல் தெறிச்சுப் போயிடும்."

கண்ணாடியை உள்ளறைக்கு நகர்த்தினேன். இரும்பு பீரோ சிக்னலைத் தின்றுவிடும் என்றார்கள். ஆளைக் கூப்பிட்டு பீரோவைத் தாழ்வாரத்தில் வைத்தேன். அயர்ன் பாக்ஸ் அதைத் திசை திருப்பும் என்றார்கள். மெஷின் மோட்டார் அதைக் கலங்கடிக்கும் என்றார்கள். மெஷின் சமையலறைக்குப் போயிற்று. தண்ணீர் டிரம் அதை உறிஞ்சும் என்றார்கள், டிரம் மாடிப்படிக்குக் கீழே போயிற்று. இத்தனையும் ஆன பிறகு டேப் பிடித்தவர் வெறும் அறையின் நடுவில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மனுஷ உடம்பும் சிக்னலைத் தடுக்கும் மேடம். இந்த வீட்ல யாராச்சும் குடியிருக்காங்களா?"

"நான் இருக்கேன்."

தலையாட்டுபவர் வருத்தத்தோடு தலையாட்டினார். எழுதுபவர் எழுதிக்கொண்டார்.

அவர்கள் வெளியே போய்க் குசுகுசுவென்று பேசினார்கள். பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருந்தது. அது பாட்டு டீச்சர் வீடு. எனக்கு நல்ல சிநேகிதி. அவள் ரவிக்கை எல்லாவற்றுக்கும் கைத்தையல் என்னுடையதுதான், கூலி என்று நான் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. அவள் வீட்டில் ஒரு பாய், ஒரு சுருதிப்பெட்டி, சுவரில் ஒரு மர அலமாரி, அவ்வளவுதான். குழு உள்ளே எட்டிப் பார்த்தது. கண்ணாடி இல்லை, பீரோ இல்லை, டிரம் இல்லை. டேப் பிடித்தவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

சாயங்காலம் வைத்தார்கள். என் பெயரில், என் செலவில் வந்த ரூட்டர், டீச்சர் வீட்டு அலமாரியில் பச்சையாக எரிந்தது.

"என்னடா இது அநியாயம்?" என்றேன்.

"அக்கா, பெட்டிக்கு ஏத்த இடம்னு ஒண்ணு இருக்கு. நடுவுல ஒரு சுவர்தானே? தானா உன் வீட்டுக்குள்ள வந்துரும் பாரு."

"சரி, பாஸ்வேர்டைச் சொல்லு."

அவன் செருப்பை மாட்டியபடி நின்றான். "அது பயனாளிக்குத்தான் சொல்லணும். நீ சந்தாதாரர்."

"ரெண்டும் ஒண்ணுதானேடா?"

"சந்தாதாரர் வேற, பயனாளி வேற. பெட்டி யார் வீட்ல எரியுதோ அவங்கதான் பயனாளி. பணம் கட்டுறவங்க சந்தாதாரர்."

"டேய், நான் உன் அக்காடா."

"நான் இப்ப தம்பியா பேசலக்கா," என்றான், கொஞ்சமும் வெட்கமில்லாமல். "கம்பெனியா பேசறேன்."

குப்பைத் தொட்டிக்குப் போய், வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்து, கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். ஒரு பெண் தேனொழுகப் பேசினாள். நான் நான்தான் என்று உறுதி செய்ய வேண்டுமாம்.

"உங்க ரூட்டர்ல இப்ப என்ன கலர் விளக்கு எரியுது மேம்?"

"அது பக்கத்து வீட்ல இருக்கும்மா."

"பக்கத்து வீட்டு ரூட்டரைப் பத்தி வெளியாட்களுக்குத் தகவல் தர முடியாது மேம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

டீச்சர் கதவைத் தட்டினேன். பாதி திறந்தாள். உள்ளே திரையில் எந்தெந்த ஊர்ப் பிள்ளைகளோ வரிசையாக உட்கார்ந்து ஸ்வரம் பாடிக்கொண்டிருந்தார்கள். அவள் முகத்தில் அப்படி ஒரு களை.

"தப்பா எடுத்துக்காதீங்க டெய்லரம்மா. பாஸ்வேர்டை யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க. உங்க தம்பிதான் வாங்கினார். எனக்கும் இப்பதான் நாலு பிள்ளைங்க கூடுதலா சேர்ந்திருக்கு, பாருங்க."

பார்த்தேன். அவள் போட்டிருந்த ரவிக்கையில் என் கைத்தையலையும் பார்த்தேன். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு, "கல்யாணத்தன்னைக்கு மட்டும் உங்க வீட்ல உக்காந்து பாத்துக்கிறேன்," என்றேன். "அதுக்கென்ன, தாராளமா வாங்க," என்றாள். எனக்கும் மனசு ஆறிப்போயிற்று. சுவருக்கு இந்தப் பக்கம் பார்த்தால் என்ன, அந்தப் பக்கம் பார்த்தால் என்ன? பார்த்தால் சரி.

கல்யாணத்தன்று காலையில் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். வாசலில் தம்பி. பின்னால் கம்பெனி ஆட்கள் நாற்காலிகளை டீச்சர் வீட்டுக்குள் சுமந்துகொண்டிருந்தார்கள்.

"அக்கா, எங்க லைன்ல நடக்கிற முதல் கல்யாணம்! மேலதிகாரிங்க எல்லாம் வந்துட்டாங்க, வீடியோ எடுக்கிறாங்க."

"நல்லது. நகரு, நான் உள்ள போகணும்."

அவன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். குரலைத் தாழ்த்தினான். "நீ உள்ள வரக் கூடாதுக்கா. சந்தாதாரரும் பயனாளியும் ஒரே கூரைக்குக் கீழ இருந்தா சிஸ்டம் திருட்டு உபயோகம்னு நினைச்சுக்கும். அந்த நிமிஷமே கட் ஆயிடும். நடுவுல கட் ஆனா பாப்பா மனசு என்ன பாடுபடும், நீயே சொல்லு."

இவ்வளவு பட்ட பிறகும் நம்பினேனே, அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. சிவப்பாக எரிந்தால் என் தப்பு என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள் அல்லவா? என் மகள் கல்யாணத்தில் என்னால் சிவப்பு எரிய வேண்டாம் என்று திரும்பி என் வீட்டுக்குள் போனேன். காலியாகக் கிடந்த முன்னறையில், சுவரோரம் ஸ்டூலைப் போட்டு, நல்ல காதைச் சுவரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் மேலதிகாரி பேசினார். கணீரென்ற குரல். "இன்னைக்கு இணையறது ரெண்டு உள்ளம் மட்டும் இல்லை. நம்ம கம்பெனியும் நம்ம வாடிக்கையாளர் குடும்பமும் இணையுது. ஒரு வாடிக்கையாளர் நேர்ல இல்லாமலே அவங்களுக்கு எவ்வளவு சிறப்பா சேவை செய்ய முடியும்னு நாம நிரூபிச்சிருக்கோம்." கைதட்டல். டீச்சர் மங்களகரமாக ஒரு பாட்டுப் பாடினாள். அதற்கும் கைதட்டல்.

பிறகு என் மகளின் குரல். இத்தனை தெளிவாக அவள் குரலைக் கேட்டு எத்தனையோ காலம் ஆயிற்று.

"மாமா, அம்மா எங்க?"

"அம்மாவுக்கு இதெல்லாம் அவ்வளவா பழக்கமில்லடா. வீட்ல ரெஸ்ட் எடுக்கட்டும்னு விட்டுட்டோம். மாமா இருக்கேன்ல."

மர ஸ்கேலை எடுத்துச் சுவரில் தட்டினேன். கையால் அடித்தேன். "இங்கதாண்டி இருக்கேன்!" என்று கத்தினேன்.

"அது என்ன மாமா சத்தம்?"

"பக்கத்துல ஏதோ கட்டட வேலை நடக்குதும்மா. நீ கவனிக்காத."

அவள் மெதுவாகக் கேட்டாள். "தோள் சரியா உக்காந்திருக்கா மாமா? அம்மா பாத்துச் சொல்லணும்னு இருந்தேன்."

"சூப்பரா இருக்கும்மா," என்றான் என் தம்பி. தன் சட்டைப் பொத்தானை ஒழுங்காகப் போடத் தெரியாதவன். "சூப்பர்! போடு கையெழுத்தை."

எல்லோரும் கைதட்டினார்கள். அப்படித்தான் என் மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று.

கூட்டம் கலைந்த பிறகு குப்பைத் தொட்டிக்குப் போனேன். வாட்ச்மேன் நாற்காலியைப் போட்டுவிட்டு அப்பால் போய் நின்றார். மகள் உடனே எடுத்தாள்.

"ஏம்மா வரல? நான் உன்னைக் கேட்காம முடிவு பண்ணிட்டேன்னு இன்னும் கோவமா?"

"கோவம் எல்லாம் இல்லடி. தோள் இழுத்துச்சா?"

"இடது பக்கம். பேனாவை எடுக்கிறப்ப."

"தெரியும்," என்றேன். நடந்ததை எல்லாம் சொல்லி முடிப்பதற்குள் சிக்னல் போய்விட்டது.

மறுநாள் காலையில் தம்பி ஓடிவந்தான். முகமெல்லாம் பல். சாயங்காலம் விருது விழா, 'குடும்பங்களை இணைத்த அதிகாரி' விருது அவனுக்குத்தானாம்.

"கோட்டு ரெடியாக்கா?"

"ரெடி. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த ஒரே கூரை ரூலை எந்த வகுப்புலடா சொல்லிக்கொடுக்கிறாங்க? எனக்கு மட்டும் சொல்லலையே."

அவன் சிரித்தான். எனக்கும் சேர்த்துச் சிரிப்பு வரும் என்று நினைத்திருக்க வேண்டும்.

"ஐயோ, அப்படி ஒரு ரூலே இல்லக்கா! ஆபீசருங்க எதிர்பார்த்ததை விட அதிகமா வந்துட்டாங்க. டீச்சர் வீடு சின்னது, நாற்காலி பத்தல. நீ நம்ம ஆளு, அட்ஜஸ்ட் பண்ணிக்குவன்னு சொல்லிட்டேன்."

சின்ன வயசில் அவன் சட்டைக்கு எல்லாம் நான்தான் பொத்தான் தைத்தேன். பிறகு உள்ளே போய்க் கோட்டை எடுத்தேன். அவனும் கூடவே வந்தான். நான் அவனைத் தாண்டிக் கட்டட வாசலுக்கு நடந்தேன். வாட்ச்மேனை எழுந்து நிற்கச் சொல்லி, கோட்டை மாட்டிவிட்டு, தோளை இரண்டு கையாலும் நீவிவிட்டேன். மனுஷன் நெளிந்தார். தோள் அச்சாக உட்கார்ந்தது.

"அக்கா, என்ன விளையாட்டு இது? அது என் கோட்டு!"

"ஆமா, உன் கோட்டுதான். யார் இல்லன்னா? கோட்டுக்கு ஏத்த இடம் பார்த்தேன். உன் தொப்பை தடுக்குது. இவர் தோள்ல நல்லா எடுக்குது பாரு. நீ சந்தாதாரர், இவர் பயனாளி."

"சாயங்காலம் விழாக்கா! நான் என்னத்தைப் போட்டுட்டுப் போவேன்? நான் உன் தம்பிக்கா!"

"நான் அக்காவா பேசலடா," என்றேன். "கடையா பேசறேன்."

அவன் முகம் அப்படியே சிவந்து போயிற்று. சிவப்பாக எரிந்தால் யார் தப்பு என்று அவனுக்கும் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.